ரோமர் பதின்மூன்றும் வாவியின் இரு கரைகளும்

தேர்தல் முடிந்து புதிய ஆட்சி வந்தாலும் சரி, ஊரடங்குச் சட்டம் போடப்பட்டாலும் சரி, வரி கூடினாலும் சரி, மட்டக்களப்பிலுள்ள எங்கள் சபைகளில் அடுத்த ஞாயிறு வாசிக்கப்படும் வேதபகுதி அநேகமாக ஒன்றாகவே இருக்கும். "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்று தொடங்கும் ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரமே அது. வாசிப்பு முடிந்ததும், அதிகாரங்கள் யாவும் தேவனால் நியமிக்கப்பட்டவை, எதிர்த்து நிற்பவன் தேவனுடைய நியமத்தையே எதிர்த்து நிற்கிறான் என்று பிரசங்கம் சொல்லும். முதல் இரண்டு வசனங்களுக்கு அரை மணி நேரம் செலவாகும். ஆளுகை செய்பவன் "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" தேவனுடைய ஊழியக்காரனாய் இருக்கிறான் என்ற நான்காம் வசனத்துக்கு வரும்போது காணிக்கைப் பாட்டுக்கு நேரமாகிவிடும். மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து, அரச சேவையில் இருந்து ஓய்வுபெற்ற என்னைப் போன்ற ஒருவனுக்கு அந்த நான்காம் வசனமே முழு அதிகாரத்தையும் தாங்கி நிற்பதாகத் தோன்றுகிறது. ஊழியக்காரன் என்று ஒருவனை அழைத்துவிட்டால், அவன் தன் ஊழியத்தைச் செய்தானா என்று கேட்கும் உரிமையும் கூடவே வந்துவிடுகிறது. இந்தப் பிரதேசத்துக் கிறிஸ்தவர்களாகிய நாம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததற்குப் பல வேளைகளில் பயமே காரணம். கீழ்ப்படிதல் என்று அதற்குப் பெயர் சூட்டிக்கொண்டோம்.

பவுல் அந்த நிருபத்தை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57ஆம் ஆண்டளவில். அப்போது ரோமில் இராயனாக, அதாவது பேரரசனாக, இருந்தவன் நீரோ. ஆட்சி நல்லதாக இருந்ததனால் பவுல் அப்படி எழுதினார் என்று சொல்வோரும் உண்டு. எந்தக் கொடுங்கோலனுக்கும் அடங்கியிருக்கவே எழுதினார் என்போரும் உண்டு. இரு சாராரும் மறக்கும் ஒன்று, மூல நிருபத்தில் அதிகாரம், வசனம் என்ற பிரிவுகள் இருக்கவில்லை என்பதாகும். அவை பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவை. பன்னிரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள், நீங்களே பழிவாங்காதிருங்கள், சத்துருவுக்குப் பசியானால் போஜனங்கொடு என்று சொல்லிவிட்டு நேரே இங்கே வந்து சேருகின்றன. பழிவாங்கும் பட்டயம், அதாவது வாள், என் கையில் இருக்கக் கூடாது. நியாயம் செய்யும் பட்டயம் ஆளுகையின் கையில் இருக்கிறது. இதுதான் அந்தப் பகுதியின் ஓட்டம். பாதிக்கப்பட்டவன் பழிவாங்காமல் விடுவதும், ஆளுகை நியாயம் செய்யாமல் விடுவதும் முற்றிலும் வேறு வேறு காரியங்கள். முதலாவது சீஷத்துவம், இரண்டாவது கடமை தவறுதல்.

இந்த வேதபகுதியை எங்கள் ஊரில் வாசிப்பது எவ்வளவு சிக்கலானது என்பதை அறிய, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். போர்க்காலத்தின் பெரும்பகுதியிலும், 2007ஆம் ஆண்டு ஜூலையில் இராணுவம் குடும்பிமலையைக் கைப்பற்றும் வரையிலும், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஓர் ஆட்சியும் மேற்கே படுவான்கரையில் இன்னோர் ஆட்சியும் நடந்தன. படுவான்கரைப் பாடசாலை ஆசிரியருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. நிவாரண அரிசியும் பருப்பும் கச்சேரி என்னும் மாவட்டச் செயலகத்தின் ஊடாக வந்தன. பரீட்சை வினாத்தாளும் அரசாங்கத் திணைக்களத்தினுடையதே. ஆனால் அங்கே வழக்கு விசாரித்த நீதிமன்றமும், காவல் செய்த பொலிசும், நெல்லுக்கும் மாட்டுக்கும் வரி எடுத்த கையும் புலிகளுடையவை. மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும் படகான பாதைக்காகக் காத்து நின்ற ஒருவர் இக்கரையில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, டோர்ச் லைட்டுக்கு வாங்கிய பற்றரிக்கு விளக்கம் சொல்லிவிட்டு ஏறுவார். அக்கரையில் இறங்கியதும் வேறொரு மேசைக்கு முன்னால் நின்று, ஏன் போனாய், யாரைக் கண்டாய் என்பதற்கு விளக்கம் சொல்வார். சீமெந்தும் பற்றரியும் உரமும் அக்கரைக்குப் போகக்கூடாத பொருள்களாக இருந்த காலம் அது.

அக்காலத்தில் நடந்த ஒரு வேதபாட வகுப்பில், படுவான்கரையிலிருந்து வந்த மூத்த சகோதரர் ஒருவர், "இதுல எது மேலான அதிகாரம்?" என்று கேட்டார். வகுப்பை நடத்தியவர் பொதுவாக ஏதோ சொல்லி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. சன்னலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று அந்நாளில் யாருக்கும் தெரியாது. ஆயினும் கேள்வி சரியான கேள்வி. பட்டயம் வைத்திருப்பவனே அதிகாரம் என்றால் எங்கள் கிராமங்களில் அதிகாரம் பொழுது சாயும்போதெல்லாம் கைமாறியது. சம்பளம் தருபவனே அதிகாரம் என்றால், சம்பளம் தந்த அரசாங்கமே தன் குடிமக்கள் மேல் ஷெல் அடித்தபோது அவ்வதிகாரத்துக்கு என்ன பொருள் என்று கேட்க வேண்டிவரும். பவுலின் வசனத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது: நன்மை செய்கிறவனுக்குப் புகழ்ச்சியும் தீமை செய்கிறவனுக்குப் பயமும் ஆளுகையினால் உண்டாக வேண்டும். அந்த அளவுகோலை ஒரு கரைக்கு மட்டும் பிடிப்பது நேர்மையாகாது.

வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று புலிகள் கேட்டு வந்த நாட்களில் தன் மகளை நகரத்துக்கு அனுப்பி, இங்கே இல்லை என்று சொன்ன தாய்மார் எத்தனையோ பேர். இராணுவச் சுற்றிவளைப்பில் மகனை மறைத்து வைத்த தாய்மாரும் அத்தனை பேர். 1990ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வரவேயில்லை. அதை அறிந்த எந்தத் தாய் மகனைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்துவாள்? இவர்கள் ரோமர் 13ஐ மீறினார்களா? யாத்திராகமத்தின் முதலாம் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். ஆண்பிள்ளைகளைக் கொல்லும்படி பார்வோன் இட்ட கட்டளையை அவர்கள் செய்யாமல் விட்டார்கள். காரணம் கேட்டபோது பார்வோனின் முகத்துக்கு நேரே ஒரு சாக்கும் சொன்னார்கள். தேவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று வேதம் எழுதுகிறது. பார்வோனின் பெயரை அந்த அதிகாரம் குறிப்பிடவேயில்லை. மருத்துவச்சிகள் இருவரின் பெயரையும் குறித்து வைத்திருக்கிறது. எங்கள் பிரசங்கங்களில் தானியேலுக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தப் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. தானியேலின் சிங்கக்கெபி தூரதேசத்துக் கதையாகத் தோன்றுவதும், இவர்களின் கதை அடுத்த வளவில் நடந்ததாகத் தோன்றுவதும் காரணமாக இருக்கலாம்.

ரோமர் நிருபத்தை எழுதிய அதே பவுல் அதிகாரிகளுக்கு முன்னால் எப்படி நடந்தார் என்பதை அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்கிறது. இந்த இரண்டு புத்தகங்களையும் சேர்த்து வாசிக்காததுதான் எங்கள் பெரிய குறை. பிலிப்பி பட்டணத்தில் அவரையும் சீலாவையும் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலை அதிகாரிகள் ஆளனுப்பி, போகலாம் என்று சொன்னபோது, நன்றி ஐயா என்று கும்பிட்டுவிட்டுப் போகவில்லை அவர். விசாரியாமல் ரோமராகிய எங்களைப் பகிரங்கமாக அடித்தார்கள், இப்போது இரகசியமாக விடுவார்களோ, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்றார். அதிகாரிகள் பயந்து, வந்து, வேண்டிக்கொண்டார்கள். எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோது, தண்டனைத் தீர்ப்பில்லாத ரோமனை அடிப்பது நியாயமா என்று நூற்றுக்கு அதிபதியிடமே கேட்டார். செசரியாவில் பெஸ்துவுக்கு முன்னால், "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று பேரரசனிடமே மேன்முறையீடு செய்தார். அடங்கியிருக்கச் சொன்னவர் சட்டத்தின் கடைசிப் படி வரைக்கும் ஏறினார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஆளுகை தேவன் வைத்த ஊழியம் என்று உண்மையாக நம்புகிறவனால்தான் அந்த ஊழியம் சரியாக நடக்க வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதமாகக் கேட்க முடியும்.

இங்கே எங்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தீவில் கிறிஸ்தவம் எப்போதும் அரசின் கீழ் நொந்துகொண்டிருந்த மதமல்ல. நீண்ட காலம் அது அரசின் கைப்பிள்ளையாக இருந்தது. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலே நீண்ட காலம் கச்சேரி இயங்கிய அந்தக் கோட்டை, 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. ஒல்லாந்தர் ஆட்சியிலே அவர்களுடைய புரட்டஸ்தாந்து சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவனுக்குத்தான் அரசாங்க உத்தியோகம். கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று 1658இல் பிரகடனமே போட்டார்கள். 1687இல் கத்தோலிக்கக் குருவான யோசேப் வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்து இறங்கியது மாறுவேடத்தில். அவரை ஒளிந்து திரிய வைத்தவர்கள் புறமதத்தவர் அல்லர், இன்னொரு கிறிஸ்தவ அரசாங்கத்தார். பதிவேட்டிலே பல்லாயிரக் கணக்கில் இருந்த அந்த அரசாங்கக் கிறிஸ்தவர்கள், ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் சில பத்தாண்டுகளுக்குள் கரைந்து போனார்கள். பலவந்தமில்லாமல் ஊன்றியவை நின்றன. 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, அடுத்த ஆண்டே இங்கு மரித்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளி இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. இத்தகைய மிஷன் பள்ளிகளை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் அரசாங்கம் பொறுப்பேற்றபோது எங்கள் பெரியவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்பது உண்மை. அரச நன்கொடைப் பணத்தில் நடந்த பள்ளிகளை ஒரு நாள் அரசு கேட்கும் என்பதை அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதும் உண்மை என்றே நினைக்கிறேன். இதைச் சொன்னதற்காக என் சபையிலே சிலர் என்னுடன் முகம் கோணியிருக்கிறார்கள்.

இப்போதைய நிலைமை வேறு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்த மதத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை எல்லாருக்கும் கொடுக்கிறது. 14ஆம் உறுப்புரை வழிபாட்டுச் சுதந்திரத்தைக் குடிமக்களுக்குக் கொடுக்கிறது. மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்று 2003இல் உயர் நீதிமன்றம், ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தின் போது தீர்மானித்தது. இவை பெரிய இடத்து விவகாரங்கள். சாதாரண விசுவாசி அரசாங்கத்தைச் சந்திப்பது இந்த உயரத்தில் அல்ல. பிரதேச செயலகத்தின் பிளாஸ்டிக் கதிரையில்தான் சந்திக்கிறான்.

2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் மத விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. புதிதாக வணக்கத்தலம் கட்டுவதற்கு அமைச்சின் முன் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். பாராளுமன்றம் இயற்றிய சட்டமல்ல அது. ஆனால் அலுவலகங்களில் சுற்றறிக்கையின் பாரம் சட்டத்தின் பாரத்திலும் அதிகம் என்பதை அரச சேவையில் இருந்த எவரும் அறிவர். சட்டத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை, சுற்றறிக்கையோ கோப்பிலேயே தைத்திருக்கும். நான் கடமையாற்றிய ஓர் அலுவலகத்துக்கு ஒரு சிறு சுயாதீன சபையின் போதகர் வந்தார். கையிலே பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் காணி உறுதியின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், மழையில் நனைந்து மை கலைந்த ஒரு விண்ணப்பம். அயலவர் முறைப்பாட்டின் பேரில் கூட்டத்தை நிறுத்தும்படி அவருக்குக் கடிதம் போயிருந்தது. முறைப்பாடு செய்தவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர், அதே கிராமத்துத் தமிழர்கள். "சேர், நாங்க கோயில் கட்டல்ல. எங்கட வீட்டுக்குள்ள ஞாயித்துக்கிழமை பத்துப் பேர் இருந்து பாடுறதுக்கு எந்த அமைச்சுக்கு எழுதுற?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் பதில் இருக்கவில்லை. சுற்றறிக்கை கட்டுவதைப் பற்றியது. அவரோ எதையும் கட்டவில்லை. அன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எவ்வளவு பணிவாக நின்றார் என்பது எனக்கு உறுத்தியது. அந்தக் கடிதத்தில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு காட்டப்பட்டிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதுவும் காட்டப்படவில்லை என்ற பதிலே கிடைத்திருக்கும். பிரிவு எண்ணைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள் என்று அவரிடம் சொன்னேன். பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் கேட்டதும் இதைத்தான். தங்கள் பாடலும் மேளமும் அயல்வீட்டுப் பரீட்சைப் பிள்ளைக்கு இடைஞ்சலாக இருந்தால் ஒலிபெருக்கியைக் குறையுங்கள் என்றும் சொன்னேன். கடமையும் உரிமையும் ஒரே வசனப்பகுதிக்குள்தான் வருகின்றன. அவனவனுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்துங்கள் என்று ஏழாம் வசனம் சொல்லும்போது அயலவனுக்குரிய அமைதியும் அந்தக் கணக்கில் சேரும்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலய வளவில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து சிற்றுண்டி சாப்பிட வெளியே வந்திருந்த சிறுவர்கள் இறந்தவர்களில் பலர். தீவு முழுவதும் அன்று 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தாக்குதல் நடக்கப்போகிறது என்ற தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து இலங்கைப் புலனாய்வுத் துறைக்கு வந்து சேர்ந்திருந்தது. பட்டயத்தை அவன் விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை என்று பவுல் எழுதிய வாக்கியத்தை அன்று முதல் என்னால் சாதாரணமாக வாசிக்க முடியவில்லை. எங்களைச் சோதனைச்சாவடி தோறும் இறக்கி ஏற்றிய, சோற்றுப் பொதியைக் கூடப் பிரித்துப் பார்த்த அந்தப் பட்டயம், பிள்ளைகளைக் காக்க வேண்டிய ஒரு காலையில் உறையைவிட்டு வெளியே வரவில்லை.

அந்த நாட்களில் பிள்ளைகளை இழந்த பெற்றோரே மன்னிக்கிறோம் என்று சொன்னார்கள். அதைக் கேட்டுத் தலைகுனியாத மனிதர் இல்லை. ஆனால் சில மேடைகளில் அந்த மன்னிப்பைச் சாட்டாக்கி, கிறிஸ்தவர்கள் மன்னித்துவிட்டார்கள், இனி எதற்கு விசாரணை என்கிற தொனியில் பேசப்பட்டது. இது பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பதின்மூன்றாம் அதிகாரத்தின் வாயை அடைப்பதாகும். தாய் மன்னிக்கலாம், ஏனெனில் பழிவாங்கும் உரிமையை அவள் விட்டுக்கொடுக்கிறாள். அரசுக்கு விட்டுக்கொடுக்க அப்படி ஓர் உரிமை கிடையாது, அதற்கிருப்பது கடமை. மனுதாரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், முன்னாள் பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடியும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடியும், தேசிய புலனாய்வுத் துறையின் முன்னாள் தலைவர் சிசிர மெண்டிஸ் 1 கோடியும் தம் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை மீறல் வழக்கொன்றில் முன்னாள் நாட்டுத் தலைவர் ஒருவர் கையிலிருந்து பணம் கட்டவேண்டி வந்தது சிறிய காரியமல்ல. குற்றத்தின் முழு வேரும் இன்னும் தோண்டப்படவில்லை என்பது வேறு விடயம்.

நியாயத்தைக் கேட்டவர்களுக்கு இந்த ஊரில் கிடைத்த கூலியையும் மறைக்க முடியாது. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்து, பிடிபட்டவர்களுக்காக முகாம் முகாமாக ஏறி இறங்கிய சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்த அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜின் ஹேபேர்ட் அடிகளார் 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில், கூடவந்த தமிழ் இளைஞருடன் காணாமற்போனார். இருவரையும் பற்றி எந்தத் தகவலும் இல்லை. தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது, புனித மரியாள் ஆலயத்துக்குள்ளேயே சுடப்பட்டார். அந்த வழக்கை மேலும் கொண்டுநடத்தப் போவதில்லை என்று சட்டமா அதிபர் திணைக்களம் அறிவித்ததால் 2021இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஆராதனையில் நாங்கள் ஜனாதிபதிக்காகவும் அமைச்சர்களுக்காகவும் வாரந்தோறும் ஜெபிக்கிறோம். தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் அப்படிச் செய்யச் சொல்கிறது, செய்யத்தான் வேண்டும். அந்த ஜெபத்தில் சட்டமா அதிபர் திணைக்களத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் சபைக் கூட்டத்தில் நான் ஒரு முறை முன்மொழிந்தேன். அரசியல் பேச வேண்டாம் என்று அதை ஒத்திவைத்தார்கள்.

இதற்கெல்லாம் எங்கள் மூப்பர் ஒருவர் எப்போதும் சொல்லும் மறுப்பு உண்டு. விசுவாசிகள் அநீதக்காரரிடத்தில் வழக்காடலாமா என்று பவுல் கொரிந்தியரைக் கடிந்துகொள்கிறாரே, நீதிமன்றம் போவதே விசுவாசக் குறைவு அல்லவா என்பார். அவர் நல்ல மனிதர். 1990இல் தம்பியைக் காணாமற் கொடுத்தவர். ஒரு ஆணைக்குழுவுக்கு முன்னாலும் போய்ச் சாட்சி சொல்லாதவர். அந்த மௌனத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் அதைத் தீர்ப்பிட நான் யார். ஆனால் அவர் காட்டும் வசனத்தைத் திறந்து பார்த்தால், ஒன்று கொரிந்தியர் ஆறாம் அதிகாரம் சகோதரனோடே சகோதரன் வழக்காடுவதைப் பற்றியே பேசுகிறது. காணித் துண்டுக்காகவும் கடனுக்காகவும் சபைக்குள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் நீதிமன்றத்துக்கு இழுப்பதை அது கண்டிக்கிறது. அரசாங்கம் பிடித்துச் சென்ற மகனை அரசாங்கத்திடம் கேட்பது அதற்குள் வராது. போன மாதம் ஆராதனை முடிந்து வெளி விறாந்தையில் தேநீர் குடிக்கும்போது இதை அவரிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காணாமற்போனோர் அலுவலகத்தின் விண்ணப்பப் படிவம் தமிழில் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும். அடுத்த ஞாயிறு ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிரப்புவதற்குத் தம்பியின் பிறப்புச் சான்றிதழை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.